மாமனார் வராத மூன்று வருடங்கள்

கொரியாவில், தேஜோன் நகரத்திலிருந்து யோங்டோங் ஒரு மணி நேரப் பயணம். அந்த ஒரு மணி நேரமும் பின் சீட்டிலிருந்து என் மாமியார் எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டே வந்தார். அவருக்கு வயது எண்பத்து மூன்று. ஸ்டியரிங்கை ஒருநாளும் தொட்டதில்லை.

"லாரி வருது பாரு."

"அது எதிர்ப்பக்கம் போற லாரி, அத்தை."

"எந்தப் பக்கம் போனா என்ன, லாரி லாரிதானே?"

பதில் சொல்லவும் கொஞ்சம் தெம்பு வேண்டும். எனக்கு அறுபது வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் தினமும் எழுநூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு செய்கிற ஏழு பேரில் ஒருத்தி. வலது மணிக்கட்டில் எப்போதும் ஒரு பட்டை கட்டியிருக்கும். மணிக்கட்டுக்கு ஓய்வு கொடுங்கள் என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் சொல்வார். என் மணிக்கட்டு எங்கே போய் விடுப்புக் கேட்கும் என்று மட்டும் சொல்ல மாட்டார்.

அன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை மாமனாரின் திவசம். மூத்த மகனுக்கு வாழ்க்கைப்பட்ட ஒரே குற்றத்துக்காக, முப்பத்தாறு வருடங்களாக அந்தக் குடும்பத்துப் படையல்கள் எல்லாம் என் தலையில்தான். மாவில் தோய்த்துப் பொரிப்பது மட்டும் ஆறு வகை. அப்புறம் மூன்று நிறத்தில் காய், முழு மீன், இறைச்சி, சூப், அரிசிப் பணியாரம், பழங்கள். பூண்டு சேர்க்கக் கூடாது. மிளகாய்த்தூள் சேர்க்கக் கூடாது. பீச் பழம் வாசப்படியையே மிதிக்கக் கூடாது. பேய் ஓட்டுகிறவர்கள் கையில் எடுப்பதே பீச் மரக் குச்சியைத்தான். வருகிற ஆவி அந்த வாசனை பட்டாலே வந்த வழியே திரும்பிவிடும். இதெல்லாம் எங்கள் வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும்.

மாமனார் போய் ஐந்து வருடம் ஆகிறது. முதல் திவசத்துக்கு வழக்கம்போல அரிசி மது வைத்தோம். மறுநாள் காலையில் மாமியார், "கனவுல வந்தாருடி. நல்லா காலை நீட்டி உக்காந்துகிட்டு, 'சூப் எங்கே'ன்னு கேட்டாரு" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. ஒரு ஆவி நம் கைச் சமையலைத் தேடி வருகிறது என்றால் சும்மாவா?

அந்த வருடமே மாமியார், "அவருக்கு யோங்டோங்ல அந்த பியோ வீட்டு ஒயின்தான் உசிரு. இனிமே அதையே வை" என்று சொல்லிவிட்டார். செத்துப்போன புருஷன் மேல் இவ்வளவு பாசமா என்று நான் உருகினேன். அடுத்த வருடத்திலிருந்து அந்த ஒயின்தான். ஆனால் அன்று பிடித்த சனியன். திவசம் முடிந்த மறுநாள் காலையில் மாமியார் சமையலறைக்கு வருவார், தண்ணீர் குடிப்பார், என்னைப் பார்ப்பார்.

"வரலடி."

அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை இல்லை. போய்விடுவார். நான் அடுப்பங்கரையில் மலைபோல் கிடக்கும் பாத்திரங்களுக்கு நடுவே நிற்பேன். என் கையில் பக்தி குறைந்துவிட்டது, அலுத்துக்கொண்டு சமைத்தது அவருக்குத் தெரிந்துவிட்டது என்று தோன்றும். உண்மையும் அதுதான், அலுத்துக்கொண்டுதான் சமைத்தேன். அதனால் அடுத்த வருடம் பெரிய மீனாக வாங்கினேன். "வரலடி." அதற்கடுத்த வருடம் பொரியலில் இரண்டு வகை கூட்டினேன். "வரலடி."

இந்த வருடம் ஒரு முடிவோடு இருந்தேன். அவர் ஒருமுறை வந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். மறுநாள் காலையிலேயே மாமியாரிடம் கேட்டுவிட வேண்டும்: இனித் தனித் திவசம் வேண்டாம், அறுவடைப் பண்டிகைப் படையலோடு சேர்த்து வைத்துவிடலாம். பாதி ஊர் இப்போது அப்படித்தான் செய்கிறது. ஆனால் மூன்று வருடமாகப் பசியோடு திரும்பிப் போன மனிதருக்கு 'இனிமேல் உனக்குத் தனிச் சோறு கிடையாது' என்று எந்த முகத்தோடு சொல்வது? அவர் வந்தாக வேண்டும். அதற்காகத்தான், இருக்கிற ஒரே ஓய்வு நாளில், நல்ல பேரிக்காய், வால்நட், முதல் தரத் திராட்சை, ஒயின் என்று எல்லாவற்றையும் தோட்டத்திலேயே பார்த்து வாங்கப் புறப்பட்டேன். என் கணவருக்கு அன்று நண்பர்களோடு மலையேற்றம். அவர் மலையேறட்டும்.

பியோ வீட்டுத் தோட்டம் ஆற்றுக்கு மேலே ஒரு சரிவில் இருக்கிறது. மூன்று பந்தல் திராட்சை, ஓரமாகக் கொஞ்சம் பீச் மரங்கள், ஒரு கொட்டகை, அதற்குள் மூன்று எஃகுத் தொட்டிகள். அவ்வளவுதான் அவர்களின் ஒயின் தொழிற்சாலை. அக்கம்பக்கத்தார் எல்லாரும் பழைய கறுப்புத் திராட்சைக் கொடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, நாகரிகமான பச்சைத் திராட்சைக்கு மாறி, விலை விழுந்ததும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்கள். பியோ அண்ணன் மட்டும் மாறவில்லை. அந்த வருடம் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டதால் பிடுங்க முடியவில்லை. இப்போது அதைத் தன் தொலைநோக்கு என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஓக்பூன் அக்கா, அவர் மனைவி, பூப்போட்ட கால்சட்டையும் கழுத்துவரை தொங்கும் தொப்பியுமாக ஓடி வந்தார்.

"வாங்கம்மா வாங்க! இன்னும் நடக்குறீங்களா? போன வருஷமே 'இதுதான் கடைசி'ன்னு சொல்லிட்டுப் போனீங்களே!"

"என்ன பண்றது, எமனுக்கு என் விலாசம் தெரியல" என்றார் மாமியார். "நீ ஏன் இப்படிக் கறுத்துட்டே? உன் திராட்சைக்கே பை போட்டு மூடுறே, உன் மூஞ்சிக்கு ஒண்ணு மாட்டிக்கக் கூடாதா?"

ஓக்பூன் அக்கா சிரித்த சிரிப்பில் பந்தலுக்குள்ளிருந்து இரண்டு பறவைகள் பறந்தன. பியோ அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து பந்தல் நிழலில் போட்டார். மாமியாரை அதில் உட்காரவைத்து, மடியில் ஒரு கிண்ணம் திராட்சையையும் வைத்துவிட்டு, தன் முதுகுவலியின் முழு வரலாற்றையும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.

நான் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பந்தலுக்குள் போனேன். ஒவ்வொரு குலையும் வெள்ளைக் காகிதப் பைக்குள் இருந்தது. பையின் அடியைக் கிழித்து எட்டிப் பார்த்து, நன்றாகக் கறுத்து மேலே சாம்பல் பூத்ததை மட்டும் வெட்டினேன். கையைத் தலைக்கு மேலே தூக்கி வெட்டும் ஒவ்வொரு முறையும் மணிக்கட்டில் சுருக்கென்றது. பத்தாவது குலையில் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அப்படியே நின்றேன். பையிலிருந்து திராட்சை வாசனை வந்தது. வேறு எந்த நாளாக இருந்தாலும் நன்றாக இருந்திருக்கும். எனக்கோ படுக்க இடம் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்ததும் ஓக்பூன் அக்கா அதன் மேல் இன்னும் நான்கு குலையை அமுக்கினார். "வேண்டாம் அக்கா, நசுங்கிடும்" என்றேன். "நசுங்கினா நசுங்கட்டும், வெறுங்கையோட அனுப்பினா எனக்குத் தூக்கம் வராது" என்றார். அது ஏற்கெனவே நிறைந்திருந்த பெட்டி. எங்கள் பக்கத்தில் நிறைந்த பெட்டியும் வெறுங்கைக் கணக்குதான்.

"ஒயின் எத்தனை பாட்டில்?"

"ரெண்டு. எப்பவும் எடுப்பேனே, அதே."

"ஒரு வாய் குடிச்சுப் பாரேன் ஹேரான். நாலு வருஷமா வாங்குறே, ஒரு சொட்டு வாயில வச்சதில்லையே!"

"வண்டி ஓட்டணும் அக்கா. அதோட, குடிச்சா மூஞ்சி மிளகாய் மாதிரி ஆயிடும்."

அது உண்மை. வீட்டிலும் நான் அதைக் குடித்ததில்லை. படையல் முடிந்து, படைத்த மதுவை ஆளுக்கொரு வாய் குடிப்பது வழக்கம். அந்த நேரத்தில் நான் சூப் சூடுபண்ணிக்கொண்டிருப்பேன். என் கணவரும் இரண்டு கொழுந்தன்களும்தான் குடிப்பார்கள். அவர்கள் நாக்குக்கு ஒயினும் இருமல் மருந்தும் ஒன்றுதான்.

"அப்ப உள்ளே வந்து ஒரு கை பிடி. இந்த மனுஷன் பேச உட்கார்ந்தா எழுந்திருக்க மாட்டாரு" என்று என்னைக் கொட்டகைக்குள் இழுத்துப்போனார்.

உள்ளே குளுகுளுவென்று இருந்தது. ஒரு தொட்டி மெல்ல முணுமுணுத்துக்கொண்டிருந்தது. சாறு புளிக்கும் சத்தம். தரையில் இரண்டு பெரிய அண்டாக்கள். இரண்டிலும் கொட்டை எடுத்து நறுக்கிய பீச் பழம் வழிய வழிய இருந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் பழக்க தோஷத்தில் ஒரு அடி பின்வாங்கினேன். திவச வாரம் இல்லையா?

"ஜாம் பண்றீங்களா?"

"ஜாமா? தொட்டியில கொட்டணும். அந்தக் காதைப் பிடி."

"எந்தத் தொட்டியில?"

"இதோ, இதுலதான். உன் ஒயின்தான் இது, அடுத்த வருஷத்துக்கு. கறுப்புத் திராட்சை மட்டும் போட்டா தொண்டையைப் பிடிக்கும் ஹேரான். பத்து வருஷமா பீச் கலந்துதானே போடுறோம். அதனாலதான் உன் மாமனாரு அப்படி விழுந்து விழுந்து குடிப்பாரு."

அண்டாவின் காது என் கையிலிருந்து நழுவியது. நல்லவேளை, தரையில்தான் இருந்தது.

"பீச்சா?"

"லேபிள்ல போட்டிருக்கே! ஒளிச்சா வச்சோம்?"

அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தேன். முன்பக்கம் திராட்சைக் குலைப் படம். பின்பக்கம் எறும்பு ஊர்ந்தது போல எழுத்துகள். கைப்பையைக் கிளறி மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டேன். கறுப்புத் திராட்சை நூற்றுக்கு எண்பத்திரண்டு. பீச் பதினெட்டு.

பிறகு அங்கேயே கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு கூடை மேல் உட்கார்ந்தேன். ஓக்பூன் அக்காவுக்கும் இப்போதுதான் உறைத்தது. முகத்தில் ஈயாடவில்லை.

"ஐயையோ! படையலுக்கா வாங்கிட்டுப் போறே? குடிக்கன்னுல்ல நினைச்சேன்! ஹேரான், நான் சொல்லியிருப்பேனே, சாமி சத்தியமா…"

"உங்க தப்பு இல்ல அக்கா."

தப்பு என் கண்ணில். மூன்று வருடம் வாசல் கதவை அகலத் திறந்து வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, ஊதுவத்தி ஏற்றி, "வாருங்கள்" என்று விழுந்து வணங்கியிருக்கிறோம். கூடவே அவரை விரட்டுகிற பழத்தைக் கோப்பையில் ஊற்றி மேஜை நடுவில் வைத்திருக்கிறோம். மனிதர் வாசல்வரை வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பியிருப்பார். நான் உள்ளே எட்டு வகை பொரித்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் தெறித்த தழும்பு இன்னும் முழங்கையில் இருக்கிறது. அத்தனையும் யாருக்கு? கொழுந்தன்களுக்கு. நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. ஓக்பூன் அக்கா பீச் சாறு ஒட்டிய கையால் என் முதுகைத் தடவிக்கொண்டேயிருந்தார். இனி இந்தச் சட்டையையும் துவைக்க வேண்டும் என்று ஒரு பக்கம் ஓடியது.

மாமியாரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த வயதில், ஐம்பத்தொன்பது வருடம் கூட வாழ்ந்த புருஷனை நாமே வாசலில் நிறுத்தித் துரத்தினோம் என்று கேட்டால் என்ன ஆகும்? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டால் பக்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று ஓக்பூன் அக்காவிடம் கேட்டு வைத்துக்கொண்டேன். இருபது நிமிடம் என்றார்.

பந்தலுக்கு வந்தேன். பியோ அண்ணன் முதுகெலும்பின் நான்காவது கணுவுக்கு வந்திருந்தார். அவரைக் கண்ணால் போகச் சொன்னேன். மாமியார் திராட்சையை வாயில் பிதுக்கித் தோலைக் கிண்ணத்தில் துப்பிக்கொண்டிருந்தார். நான் அவர் முன்னால் குந்தினேன்.

"அத்தை, ஒரு தப்பு நடந்துபோச்சு. நீங்க பதறக் கூடாது."

"வண்டிய எங்கயாவது இடிச்சுட்டியா?"

"இல்ல. அந்த ஒயின்… அதுல பீச் கலந்திருக்கு. நான் லேபிளைப் படிக்கல. மூணு வருஷமா அதைத்தான் மாமாவுக்கு வச்சிருக்கோம். அதனாலதான் அவரு…"

மாமியார் இன்னொரு திராட்சையை எடுத்தார். "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"பீச்சுதான்னு தெரியும். நான் பொறந்ததே பீச் தோட்டத்துலடி. எனக்கா அந்த வாசனை தெரியாது? அவரு இங்க வந்து குடிக்கும்போதே தெரியும்."

நான் குந்தியிருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"தெரிஞ்சேவா வைக்கச் சொன்னீங்க?"

"ஆமா." அவர் என்னைப் பார்க்கவில்லை, பந்தலைப் பார்த்தார். "மொத வருஷம் வந்தாருல்ல? 'சூப் எங்கே'ன்னாரு. முழிச்சுப் பார்த்தா நான் அடுப்பு முன்னால நிக்கிறேன். விடியக்காலை. காஸ் எரியுது, சட்டியில தண்ணி கொதிக்குது. எப்ப எழுந்து போனேன்னு எனக்கே தெரியல. அம்பத்தொம்பது வருஷம்டி. காலையில சூப் சூடா இருக்கணும், ராத்திரியில சூப் சூடா இருக்கணும். கொஞ்சம் ஆறியிருந்தா கிண்ணத்தைத் தள்ளுவாரு. அடிச்சதில்ல, திட்டினதில்ல. தள்ளுவாரு, அவ்வளவுதான். செத்தும் விடலையேன்னு தோணுச்சு."

"அதுக்காக பீச்சா?"

"அவருக்குப் பிடிச்ச ஒயின்தானே? பிடிக்காததையா வச்சேன்? வாசலுக்கு வெளியே நின்னு வாசனை பிடிச்சுட்டுப் போகட்டும்."

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. முப்பத்தாறு வருடத்தில் மாமியாரிடம் நான் குரலை உயர்த்தியதில்லை. அன்று பந்தலே அதிர்ந்தது.

"அப்ப நான்? நான் என்ன கிள்ளுக்கீரையா? வராத மனுஷனுக்கு எட்டு வகை பொரிச்சேனே! ஒவ்வொரு தடவையும் மறுநாள் காலையில வந்து 'வரலடி, வரலடி'ன்னு என் மூஞ்சிக்கு நேரா சொன்னீங்களே! என் கை சரியில்ல, என் மனசு சரியில்லன்னு நான் மூணு வருஷமா…"

மணிக்கட்டுப் பட்டையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

மாமியார் கிண்ணத்தை மடியிலிருந்து இறக்கி வைத்தார். அவர் நிஜமாகவே குழம்பிப் போயிருந்தார்.

"நான் நல்ல சேதியாத்தானே சொன்னேன்" என்றார். "அவரு வரல, நான் நிம்மதியாத் தூங்கினேன்னு வீட்டுல வேற யாருகிட்ட சொல்வேன்? உன்கிட்டதானே சொல்ல முடியும்."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"நீ வருஷா வருஷம் மீனைப் பெருசாக்கிட்டே போனே. ரெண்டு வகை வேற கூட்டினே. இவளுக்கு இதெல்லாம் பிடிச்சிருக்கு போல, நாம ஏன் கெடுக்கணும்னு நானும் வாயை மூடிக்கிட்டிருந்தேன். உனக்குக் கஷ்டம்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் மாமனார் வரவேண்டும் என்று மூன்று வருடமாகப் பெரிய பெரிய மீனாக வாங்கிக்கொண்டிருந்தேன். இதை நான் மாமியாரிடம் விளக்கவில்லை. விளக்கும் அளவுக்கு என்னிடம் எதுவும் மிச்சமில்லை.

"கஷ்டம்தான் அத்தை" என்றேன். "ரொம்பக் கஷ்டம். இனிமே பொரிக்க மாட்டேன்."

"பொரிக்காதே."

"பண்டிகையோட சேர்த்துடலாம்."

"சேர்த்துடு. உன் கொழுந்தனுங்க கேட்டா நான் பேசிக்கிறேன். திங்கத்தானே வர்றானுங்க, கடையில வாங்கிட்டு வரட்டும்."

இவ்வளவு எளிதாக முடிந்துவிட்டது. எனக்கு மகிழ்ச்சியே வரவில்லை. இவ்வளவு காலமும் தூக்கி வந்த மூட்டையை இறக்கியபிறகுதான் தோள் எப்படி வலிக்கிறது என்று தெரிந்தது. ஓக்பூன் அக்கா கொட்டகை வாசலிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தார். ஆஸ்பத்திரி வேண்டாம் என்று தெரிந்ததும், வீட்டுக்குள் போய் நூடுல்ஸும் வேகவைத்த பூசணி இலையும் கொண்டுவந்தார். கூடவே ஒரு தட்டில் பீச் பழம், தோல் சீவி, துண்டு போட்டு. வைத்த பிறகுதான் யோசித்தார் போல. தட்டை மறுபடி எடுக்கப் போனார்.

"வை, வை" என்றார் மாமியார்.

முப்பத்தாறு வருடத்தில் திவச வாரத்தில் எங்கள் வீட்டில் யாரும் பீச் தின்றதில்லை. மாமியார் ஒரு துண்டை எடுத்து என் கையில் வைத்தார். பழம் நன்றாகப் பழுத்திருந்தது. சாறு மணிக்கட்டுப் பட்டைக்குள் இறங்கியது. நான் துடைக்கவில்லை.

இரண்டாவது துண்டை மென்றுகொண்டே அவர் சொன்னார், "என் திவசத்துக்கும் இதையே வச்சுடு. அந்த ஒயினே போதும். நானும் வந்து உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நாள் குறித்து, ஆள் பார்த்து, கணக்காகச் சொல்வதுபோலத்தான் சொன்னார். என் கோபம் முழுக்க அங்கேயே கரைந்துபோனது, அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. இன்னும் கொஞ்ச நாளாவது கோபமாக இருந்திருக்கலாம், அந்த உரிமை எனக்கு இருந்தது.

"உங்களுக்கு பீச் வைக்க மாட்டேன்" என்றேன். "கதவைத் திறந்தே வைக்கிறேன். வாங்க. ஆனா சூப் நீங்களேதான் சூடுபண்ணி ஊத்திக்கணும்."

அவர் அடுத்த துண்டை எடுத்தார். "உனக்கும் ஒரு கிண்ணம் ஊத்தி வைக்கிறேன்" என்றார்.

புறப்படும்போது ஓக்பூன் அக்கா வண்டியில் ஒரு பெட்டி பீச்சை ஏற்றிவிட்டார். ஒயின் பாட்டில் இரண்டையும் சும்மா இருக்கட்டும் என்று எடுத்துக்கொண்டேன். மாமியார் ஊர் எல்லை தாண்டுவதற்குள் வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டார். எதிரே லாரி வந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வண்டி முழுக்க பீச் வாசனை அடித்தது, எனக்கு மணிக்கட்டு வலித்தது.